படித்து முடித்தாயிற்று, இருக்கலாமா?

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "அண்ணே, நீங்கதான் போய்ட்டுத் திரும்பி வந்த ஆளு. நம்ம பசங்க வெளிநாட்டுல படிச்சிட்டு அங்கேயே வேலைக்கு இருந்தாங்கள்ல, அந்தக் கதையை ஒரு கட்டுரையா எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். நான் எழுத்தாளன் இல்லை. கப்பலூர் சிட்கோவில் ரப்பர் சாமான்களுக்கு மோல்டு செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

போன முறை நாம் கூடியபோது, இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேன்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், எந்த நாட்டுல படிச்சா அங்கேயே வேலை பாக்க விடுவாங்க?" சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அவசரத்தில், "மார்க் நல்லா இருந்தா எல்லா நாடும் விடும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அது தப்பான பதில். மார்க்குக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. எந்த வருஷம் படித்து முடிக்கிறோம் என்பதற்குத்தான் சம்பந்தம் அதிகம். அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வட்டாரத்துக்கு அக்கரைச் சீமை புதிதல்ல. மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்க இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டார்கள். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். தோட்டம் போய்ச் சேரும்வரை அதுதான் அவர்களுக்கு டிக்கெட்டும் விசாவும். அங்கே போனபின் 'துண்டு' என்று ஒரு சீட்டு. இத்தனை ரூபாய் கடன் பாக்கி, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய காகிதம். அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர முடியாது. 1921-ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். படித்தவர்களின் கதையில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு என் கைக்கு வந்த காகிதமும் முதலாளி பெயரில்தான் வந்தது. வேலை மாறினால் புது முதலாளி புதுக் காகிதம் போட வேண்டும். அப்போது என் அப்பத்தா சொன்ன துண்டுக் கதை ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் படித்துவிட்டு அங்கேயே தங்குவது என்பது ஒரு காலத்தில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். 1917-ல் வந்த குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைச் சுற்றி ஒரு கோடு போட்டு, உள்ளே இருப்பவர்கள் குடியேறக் கூடாது என்றது. அதில் இந்தியாவும் அடக்கம். மாணவர்களுக்கு மட்டும் விலக்கு. வரலாம், படிக்கலாம், முடிந்ததும் கப்பல் ஏற வேண்டும். பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி 1913-ல் அமெரிக்கா போனவர். முதல் உலகப் போரில் அந்நாட்டு ராணுவத்திலேயே சேவை செய்தார். அவருக்கும் குடியுரிமை கிடையாது என்று 1923 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946 ஜூலையில் லூஸ்–செல்லர் சட்டம் வந்தபோதுதான் கதவு ஒரு விரற்கடை திறந்தது. அதுவும் முழு இந்தியாவுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 100 பேர்! நம் கல்லூரியில் ஒரு வகுப்பில் பாதி வந்தாலே அந்தக் கணக்கு முடிந்துபோயிருக்கும்.

அடுத்த ஆண்டே, அதாவது 1947-ல், யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு விதியைச் சேர்த்தார்கள். படிப்பு முடித்த அயல்நாட்டு மாணவர், கல்லூரி பரிந்துரைத்தால், செய்முறைப் பயிற்சிக்காக ஆறு மாதம் வேலை பார்க்கலாம். மேலும் இரண்டு முறை ஆறாறு மாதம் நீட்டிக்கலாம். இன்று நம் பிள்ளைகள் ஓ.பி.டி., ஓ.பி.டி. என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்களே, அதன் பூர்வீகம் இதுதான். இது காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் வந்த உரிமை அல்ல. அதிகாரிகள் எழுதிய விதி. எழுதியவர்களே கூட்டலாம், குறைக்கலாம். தம்பிகள் இந்த ஒரு வரியைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளவும்.

1965 அக்டோபர் 3-ல் சுதந்திர தேவி சிலையின் காலடியில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் நம்மவர்களுக்குப் பெரிய கதவு. நூறு என்ற எண் போய், ஒரு நாட்டுக்கு 20,000 வரை என்று ஆனது. 1968-லிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பட்டம் பெற்றவர்களுக்கென்று தனிப் பிரிவும் இருந்தது. நம் ஊர் நிலைமையும் அப்போது மாறியது. அதுவரை பாஸ்போர்ட் என்பது சர்க்கார் மனசு வைத்தால் தருவது. வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட் சட்டமே வந்தது. 70-களில் போன நம் சீனியர்கள் "கையில 8 டாலரோட போய் இறங்கினேன்டா" என்று ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்வார்கள். அந்நியச் செலாவணிக் கெடுபிடி அப்படி. அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. கையில் காசு இல்லாவிட்டாலும் படித்து முடித்தவருக்கு நிரந்தரக் காகிதம் கிடைக்கும் வரிசை அன்று இன்றைப்போல் நீளவில்லை.

டாக்டர்கள் கதை இன்னும் விசேஷம். மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1954-ல். அதன் முதல் சில செட்டுகள் வெளியே வந்த சமயம், பிரிட்டன் 1962 சட்டத்தின்படி வேலை வவுச்சர் கொடுத்துக்கொண்டிருந்தது. 'ஏ' வவுச்சர் வேலை கையில் உள்ளவருக்கு. 'பி' டாக்டர், இன்ஜினீயர் போன்ற தகுதி உள்ளவருக்கு. 'சி' மற்றவர்களுக்கு. 'சி' சீக்கிரமே நின்றுபோனது. நம் எம்.பி.பி.எஸ். பட்டத்தையும் நேரடியாக ஏற்றுக்கொண்டார்கள். 1975-ல் பிரிட்டன் அந்த அங்கீகாரத்தை நிறுத்தியது. 1976-ல் அமெரிக்காவும் வெளிநாட்டு டாக்டர்களுக்குச் சட்டத்தை இறுக்கியது. இரண்டே வருஷத்தில் இரண்டு கதவு. 1973-ல் தேறியவர் பர்மிங்ஹாமில், 1977-ல் தேறியவர் உசிலம்பட்டியில் என்று ஆனதற்குத் திறமையா காரணம்?

இனி என் கதை. 1994-ல் நம் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தேன். காமராசர் பல்கலைக்கழகப் பட்டம். அப்போது மதுரையில் பாஸ்போர்ட் அலுவலகம் கிடையாது (2007-ல்தான் வந்தது), திருச்சிக்குப் போக வேண்டும். விசாவுக்கு மெட்ராஸ். ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் விடிவதற்கு முன்பே வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் போடிக்காரர், பேசிப் பார்த்தால் நம் கல்லூரியே, வேறு பிரிவு. இரண்டு பேருக்கும் மிச்சிகனில் ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து ஐ-20 வந்திருந்தது. இரண்டு பேருக்கும் விசா கிடைத்தது. சந்தோஷத்தில் அண்ணா சாலையில் நடந்தே போய்ப் பரோட்டா சாப்பிட்டோம். 1995 ஆகஸ்டில் கிளம்பினோம். அவனை இனி 'போடி' என்றே சொல்கிறேன், அங்கேயும் அவனுக்கு அதுதான் பெயர்.

அங்கே ஒரே அறை. எங்கள் வீட்டில் போன் இல்லை. திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் ஒரு வாத்தியார் வீட்டு நம்பர்தான் பி.பி. நம்பர். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "எங்க அம்மாவைக் கூப்பிடுங்க சார், பத்து நிமிஷத்துல திரும்பப் பண்றேன்" என்று வைத்துவிட்டு, அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வருவதை நினைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

1997 மே மாதம் எம்.எஸ். முடிந்தது. அப்போது ஓ.பி.டி. 12 மாதம். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் வேலை. ஜூனில் சேர்ந்தேன். அதன் பிறகு தங்க வேண்டுமானால் எச்-1பி விசா வேண்டும். 1990 சட்டத்தில் அதற்கு வருஷத்துக்கு 65,000 என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். முதல் சில வருஷம் அந்த எண்ணிக்கை நிரம்பவே இல்லை, யாரும் கவலைப்படவும் இல்லை. 1997 நிதியாண்டில் முதல் முறையாக நிரம்பியது. 2000-ஆம் ஆண்டில் கம்ப்யூட்டர்கள் தேதியைத் தப்பாகப் படிக்கும் என்ற பயத்தில் உலகமே ஆள் தேடிக்கொண்டிருந்த சமயம்.

போடியின் கம்பெனி 1998 மார்ச்சில் மனுப் போட்டது. என் கம்பெனியில், "இன்னும் டைம் இருக்கு" என்றார்கள். வக்கீல் லீவு, கையெழுத்துப் போட வேண்டியவர் டூர். கடைசியில் மனுப் போனது மே மாதம். அதே மே மாதத்தில் 65,000-மும் தீர்ந்துவிட்டது. அக்டோபர் 1 வரை புது எண் கிடையாது. என் ஓ.பி.டி. முடிவது ஜூனில். இடைப்பட்ட மாதங்களில் வேலை பார்த்தால் சட்டவிரோதம். ஓ.பி.டி. முடிந்து 60 நாளில் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். "போய்ட்டு அக்டோபர்ல வா, இடம் இருக்கு" என்று நல்லவிதமாகத்தான் அனுப்பி வைத்தார்கள். கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆறு வாரம்தான் வித்தியாசம். போடியும் நானும் ஒரே வகுப்பு, அவனைவிட எனக்கு இரண்டு மார்க் அதிகம் என்பதை அவனே இன்றும் சொல்வான்.

ஆகஸ்டில் திருநகர் வந்தேன். செப்டம்பரில் அப்பா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அக்டோபர் 21-ல் அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எண்ணிக்கையை 1,15,000 ஆக்கினார்கள். ஐந்து மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா! நவம்பரில் கம்பெனிக்குக் கூப்பிட்டேன். அந்த இடத்தில் ஆள் போட்டாயிற்று என்றார்கள். ஃபோன் பூத்துக்கு 340 ரூபாய் கொடுத்துவிட்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, தோசை ஊற்றினார்கள்.

போடியை அதிர்ஷ்டக்காரன் என்று பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கதையையும் கேளுங்கள். எச்-1பி மொத்தம் ஆறு வருஷம். அதற்குள் கிரீன் கார்டுக்கு மனுப் போட வேண்டும். 2003-ல் போட்டான். வேலை வழியாகக் கொடுக்கும் கிரீன் கார்டு வருஷத்துக்கு 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களும் அதில் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐஸ்லாந்துக்கும் 7 சதவீதம், இந்தியாவுக்கும் 7 சதவீதம். மிச்சம் விழுந்தால் நமக்குக் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். 2005-ல் இந்தியர் வரிசை அப்படியே உறைந்துபோனது. அதே 2005-ல் அவன் அம்மா காலமானார். விசா முத்திரையை அமெரிக்காவுக்குள்ளேயே புதுப்பிக்கும் வசதியை முந்தைய ஆண்டு நிறுத்திவிட்டிருந்தார்கள். ஊருக்கு வந்தால் சென்னையில் முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது, கையில் மூன்று மாதக் குழந்தை. வரவில்லை. போடிக்குப் போய்க் காரியத்தில் அவன் இடத்தில் அவன் தம்பி கொள்ளி வைத்ததை நான் பார்த்தேன். இரவு அவனிடம் போனில் என்ன சொல்வதென்று தெரியாமல், "கூட்டம் நிறைய வந்துச்சுடா" என்றேன்.

2007 ஜூலையில் ஒரு வேடிக்கை நடந்தது. எல்லோரும் கடைசிக் கட்ட மனுவைப் போடலாம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. ஆயிரக்கணக்கான பேர் மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடித்துத் தயாராக இருக்க, ஜூலை 2-ல் "இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். நம்மவர்கள் கொடி பிடிக்கவில்லை. 'லகே ரஹோ முன்னாபாய்' படத்தில் வருகிற மாதிரி, குடியேற்றத் துறைத் தலைவருக்கு நூற்றுக்கணக்கில் பூச்செண்டு அனுப்பினார்கள்! அவர் அவற்றை ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். ஜூலை 17-ல் முடிவை மாற்றிக்கொண்டார்கள். போடியும் ஒரு செண்டு அனுப்பினானாம். "மதுரை மல்லி அனுப்பணும்னு ஆசை, கிடைக்கல" என்றான். அந்த மனுவால்தான் அவனால் ஊருக்கு வந்து போக முடிந்தது. கிரீன் கார்டு கைக்கு வந்தது 2013-ல். படிக்கப் போனதிலிருந்து 18 வருஷம்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாம் ஒரே ராகம்தான். பிரிட்டன் 2008-ல் படித்து முடித்தவருக்கு இரண்டு வருஷ வேலை அனுமதி கொடுத்தது, 2012 ஏப்ரலில் மூடியது, 2021 ஜூலையில் மறுபடி இரண்டு வருஷம் என்று திறந்தது, 2027 ஜனவரியிலிருந்து அதை 18 மாதமாகக் குறைப்பதாக அறிவித்தது. கனடா 2008-ல் மூன்று வருஷம் வரை தாராளமாகக் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து படித்த துறையையும் மொழித் தேர்வையும் பார்க்கிறது. ஆஸ்திரேலியா 2013-ல் பெரிதாகத் திறந்து, 2024 ஜூலையில் பெரும்பாலோருக்கு வயது வரம்பை 50-லிருந்து 35-ஆக இறக்கியது. ஜெர்மனி மட்டும் 2005-ல் வேலை தேட ஒரு வருஷம் என்று கொடுத்து 2012-ல் 18 மாதமாகக் கூட்டியது. அங்கே ஆள் பற்றாக்குறை, அதோடு மொழி என்ற வேலி வேறு இருக்கிறது. கன்சல்டன்சிக்காரர்கள் சுவரில் ஒட்டும் நோட்டீஸில் திறந்த தேதி மட்டும் இருக்கும். மூடிய தேதிகளையும் சேர்த்துப் படியுங்கள் தம்பிகளே. இரண்டு வருஷப் படிப்புக்குப் போகிறவன், போகும் நாளின் விதியை நம்பிக் கடன் வாங்குகிறான். அவனுக்குப் பொருந்தப்போவது திரும்பும் நாளின் விதி.

திரும்பி வந்தவர்கள் எல்லோரும் என்னைப் போல் தள்ளி வந்தவர்கள் என்றும் எண்ண வேண்டாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அமெரிக்காவில் பயிற்சி பெற்று மதுரைக்கே திரும்பி அதைக் கட்டி எழுப்பினார்கள். மதுரையில் 1972-ல் பிறந்த சுந்தர் பிச்சை அங்கே படித்து அங்கேயே இருந்தார். இரண்டும் நடந்தவைதான்.

இப்போது என் அக்கா மகன். 2024-ல் அமெரிக்காவில் எம்.எஸ். முடித்தான். அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு ஓ.பி.டி.க்கு மேல் 2008-ல் 17 மாதம் கூட்டிக் கொடுத்தார்கள், 2016-ல் அதை 24 மாதமாக்கினார்கள். ஆக மொத்தம் மூன்று வருஷம். எனக்கு ஒரு வருஷம்தான் கிடைத்தது! ஆனால் எனக்குக் குலுக்கல் இல்லை, அவனுக்கு உண்டு. பொது ஒதுக்கீடு 65,000, அமெரிக்காவில் மேல்பட்டம் பெற்றவர்களுக்கு 2004 சட்டம் கொடுத்த 20,000. இதற்கு 2025 மார்ச்சில் சுமார் 3,44,000 பதிவுகள் வந்தன. தேர்வானவை சுமார் 1,20,000. அவன் பெயர் வரவில்லை.

2025 செப்டம்பர் 19 இரவு, புது எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட செய்தி வந்தபோது நம்மூரில் விடிந்துகொண்டிருந்தது. அக்கா வாசல் தெளிக்காமல் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "ஒரு லட்சம்னா நம்ம ரூபாயாடா?" "டாலருக்கா." கணக்குப் போட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அமெரிக்காவுக்குள் மாணவனாக இருந்தபடியே விசா மாறுகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் பொருந்தாது என்று ஒரு மாதம் கழித்து விளக்கம் வந்தது. அந்த ஒரு மாதத்தில் அக்காவுக்கு நாலு கிலோ குறைந்தது.

அவன் கம்பெனி இப்போது கிரீன் கார்டு வேலையைத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறதாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகுமே என்றால், "இன்னைக்கு வரிசைல நின்னாத்தானே மாமா அன்னைக்கு முன்னாடி இருக்க முடியும்" என்கிறான். 2025-ல் இந்தியர்களுக்கான இரண்டாம் பிரிவு வரிசையில் 2013 தேதிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன என்பது அவனுக்கும் தெரியும். போடிக்குக் கிடைத்த அதே வருஷம். வக்கீல் அனுப்பிய பட்டியலில் முதல் காகிதம் பிறப்புச் சான்றிதழ். 7 சதவீதக் கணக்கில் எந்த நாட்டில் பிறந்தான் என்பதுதானே எல்லாம். அக்கா பீரோவைக் கவிழ்த்துத் தேடி எடுத்தாள். 2001-ல் திருநகர் பேரூராட்சியாக இருந்த காலத்தில் வாங்கியது. தேதி இருக்கிறது, அப்பா அம்மா பெயர் இருக்கிறது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. பெயர் வைப்பதற்கு முன் பதிவு செய்தது, பிறகு சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. திருநகர் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் இனி அங்கே போய்த்தான் எழுத வேண்டும். திங்கட்கிழமை காலையில் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், ரேஷன் கார்டு எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போகிறோம்.